நாகஸ்வரம் சாஸ்திரிய சங்கீதமா, நாட்டுப்புற இசையா? படிவத்தில் எதை டிக் செய்வது?

ஜெராக்ஸ்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சங்கீதம் தெரியாது. மயிலாடுதுறைப் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள அத்தனை பேர் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கிறவன், என் மகள் படிவத்தில் மாட்டிக்கொண்டேன்.

மகள் எட்டாம் வகுப்பு. மூன்று வருடமாக நாகஸ்வரம் கற்கிறாள். எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் ஊதினதில்லை. காளீஷாபி மகபூப் அம்மா வாசிக்கிற வீடியோ ஒன்றைக் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து பிடிவாதம். விலையைக் கேட்டதும் எனக்கு மயக்கமே வந்தது, அது வேறு கதை.

போன வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு இசைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். படிவத்தில் இரண்டே கட்டம்: ‘வாத்தியம் – சாஸ்திரியம்’, ‘வாத்தியம் – நாட்டுப்புறம்’. நான் முதல் கட்டத்தில் டிக் போட்டேன். சரிபார்க்கிற மேஜையில் இருந்தவர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு இரண்டாவதில் டிக் போட்டார். “நாயனம், தவில் எல்லாம் கிராமியத்துல வரும் சார்” என்றார். பக்கத்தில் நின்ற மகள், “நான் வாசிக்கப் போறது மோகன வர்ணம் அங்கிள்” என்றாள். (மோகன ராகத்தில் ஒரு கர்நாடக உருப்படியாம்.) “அது வயலின், வீணைக்கும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் ஒரு வயலின் பையன். அவனும் மோகன வர்ணம்தான். அவன் படிவம் அப்படியே முதல் கட்டத்தில் போயிற்று.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. எனக்குச் சண்டை போடத் தெரியும், ஆனால் எதை வைத்துப் போடுவது என்று தெரியவில்லை. சாஸ்திரிய சங்கீதம் என்பது பாட்டைப் பொறுத்ததா, கருவியைப் பொறுத்ததா, ஆளைப் பொறுத்ததா? திருத்தம் கேட்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

முதலில் சண்டைக்கு ஆயுதம். சங்கீத நாடக அகாடமி விருதுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாகஸ்வரமும் தவிலும் கர்நாடக இசை வாத்தியங்களோடுதான் இருக்கும், நாட்டுப்புறக் கலைகளோடு இருக்காது. வானொலியிலும் அப்படித்தான். தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கத்தோடு நாதசுரமும் தவிலும் பாடங்கள். சரளி வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று வயலின்காரர் படிக்கிற அதே படிக்கட்டு. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது நாகஸ்வர வித்துவான்களுக்கே, 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998இல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கிடைத்தது. இவ்வளவையும் ஒரே தாளில் அடித்து (கடை உங்களுடையதுதானே) அந்த மேஜையில் கொண்டுபோய் வையுங்கள். வேலை முடிந்தது.

உங்கள் உண்மையான கேள்வி அதைவிடச் சிக்கல். பாடப்புத்தக விடை ஒன்று உண்டு: ராகம், தாளம் இரண்டுக்கும் இலக்கணம் இருக்க வேண்டும், குருவிடம் வருடக்கணக்கில் கற்க வேண்டும், கற்றதற்கு மேல் மனோதர்மமாகச் சொந்தமாகச் சேர்க்க இடம் இருக்க வேண்டும். நல்ல விடைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு சபாவுக்குப் போனால் உதைக்கும். கச்சேரியின் கடைசியில் காவடிச்சிந்து பாடுவார்கள். மலை ஏறுகிறவன் நடைக்குப் பாடிய பாட்டு, செஞ்சுருட்டி ராகத்தில் சம்பா அரிசி மாதிரி உதிரும். பட்டுப்புடவையும் மிருதங்கமுமாக மேடையில் பாடும்போது அது சாஸ்திரியம், பழனி பாதயாத்திரையில் கேட்டால் கிராமியம். மெட்டு ஒன்றுதான்.

இன்றைக்கு நாம் ‘கச்சேரி’ என்று சொல்கிற வடிவமே, அதாவது வர்ணத்தில் தொடங்கி, வேகமாகச் சில கீர்த்தனை, நடுவில் பெரிய ராகம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், கடைசியில் சின்னச் சின்னத் துக்கடா என்கிற சாப்பாட்டு முறை, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் நிலைபெற்றது. நூறு வருடம் ஆகியிருந்தால் அதிகம். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் அதைவிட மூத்தது.

இதையெல்லாம் எழுதுகிற நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது வருடமாக டிசம்பரில் சபா சபாவாக ஏறி இறங்குகிறேன். ஒரு நாகஸ்வரக் கச்சேரியை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டதில்லை. அது காலையில் தொடக்கத்தில் இருக்கும். நான் கேன்டீனில் இருப்பேன்.

---

வடக்குவீதி எழுதியது:

தம்பி, நான் நாயனக்காரன். வயசு 62. அப்பா, தாத்தா எல்லோரும் இதே தொழில். காவிரிக்கரையில் ஒரு கோயிலில் எங்களுக்கு வாசிக்கிற முறை. நான் பேசப் பேசப் பேரன் செல்லில் அடிக்கிறான். நடுவில் அவனாக எதையாவது நைசாக மாற்றினால் என்னைக் கோபிக்காதீர்கள்.

எங்கள் அப்பா வாயில் ‘சாஸ்திரிய சங்கீதம்’ என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. ‘செவ்வியல்’ எல்லாம் பேரன் காலத்து வார்த்தை. அவர் சொல்வது மூன்றுதான். ‘நல்ல வாசிப்பு’, ‘வாசிப்பு இல்லை’, அப்புறம் யாராவது ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால் ‘அவனுக்குக் கேள்வி ஞானம் ஜாஸ்தி’. அவ்வளவுதான் அவருடைய படிவம். கட்டம் மூன்று.

1975ஆம் வருஷத் திருவிழாவைச் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்போது சுருதிப் பெட்டி எங்கள் செட்டுக்கு வரவில்லை, ஒத்துதான், சுருதி மட்டும் பிடிக்கிற நாயனம். அதை ஊதுகிற வேலை வீட்டுச் சின்னப் பையனுக்கு. நாயனம் மூச்சு வாங்கும், தவில் ஓயும், ஒத்து மட்டும் ஓயக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்தபடியே வாயால் விட வேண்டும். சாமி புறப்பட்டதும் கோபுர வாசலில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது. கீழவீதி தாண்டி, தெற்குவீதி தாண்டி, மேலவீதி முனைக்கு வரும்போது ராத்திரி பதினொன்று இருக்கும். அங்கே அப்பா தோடி ராகத்தை எடுத்தார்.

பல்லக்குத் தூக்கிகள் முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். திண்ணை எல்லாம் ஆள். கையில் கடிகாரம் கட்டியவன் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு பெட்ரோமாக்ஸ்தான். விளக்குக்காரர் மூன்று தரம் இறக்கிக் காற்றடித்தார், தோடி முடியவில்லை. ஒரு வரி சாகித்தியம் கிடையாது, வெறும் ராகம். என் உதடு மரத்துப் போய், ஒத்து வாயில்தான் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தவில்காரர் வாத்தியத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்து பல்லக்கு நகர்ந்தபோது வெற்றிலைக் கடைக்காரர் ஒருத்தர் அப்பாவிடம் வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். “எல்லாம் சரி, அந்த மேல் நிஷாதத்துல இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம், ஏன் ஓடிட்டீங்க?” என்றார். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் ராத்திரி அதே முனையில் அதே தோடி. அந்த நிஷாதத்தில் நின்றார் பாருங்கள், வெற்றிலைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

என்னைக் கேட்டால் சாஸ்திரியம் அதுதான். வாசிப்பவனுக்கு இருக்கிற சட்டம் தெருவில் நிற்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தப்பினால் கேட்க வேண்டும்.

கோயிலில் இன்ன வேளைக்கு இன்ன ராகம் என்று உண்டு. விடியலுக்கு பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. திருவாரூரில் இந்த முறையையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் முத்துசாமி தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராகத்தை ஊர் ஊராக வாசலில் கொண்டுபோய்ப் போட்டது எங்கள் கருவி. பாடகர் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) பாடின வேகமான பிருகாவில் நாயனம் கேட்கிறது என்று ரசிகர்கள் சொன்னால் அது சும்மா இல்லை.

பிறகு எங்கே மாறிப் போச்சு? நான் பார்த்த இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று கல்யாணம். கல்யாணி ராகத்தை எடுத்து மெதுவாகக் கட்டிக்கொண்டு வருவேன், மேல் ஷட்ஜத்துக்கு இன்னும் இரண்டு படி இருக்கும். மணவறையிலிருந்து ஒரு விரல் மேலே எழும்பும். கெட்டி மேளம்! ராகத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு டமடமவென்று வாசிக்க வேண்டும். தாலி ஏறட்டும், நல்ல விஷயம், அதற்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு நூறு முகூர்த்தத்தில் நூறு தரம் அந்த விரலைப் பார்த்த பிள்ளைகள், நாயனம் என்றால் சத்தம் என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? அதே கல்யாணியை எட்டு நிமிஷம் முழுசாகக் கேட்டிருந்தால் அந்த மேஜைக்காரர் கூடச் சிவப்புப் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

இன்னொன்று சபா. ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள், காலையில் முக்கால் மணி நேரம், ‘மங்கல இசை’. நான் கரகரப்பிரியா வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக்காரர் மேடையில் ஏறி அடுத்த கச்சேரிக்கு வயலின் மைக்கை வைத்து “ஹலோ ஹலோ” என்றார். (மூன்றாம்வரிசை சார், நீங்கள் கேன்டீனில் இருந்தது அன்றைக்காகவும் இருக்கலாம்.)

காரணம் ஒன்றும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். நாயனம் வெளியில் வாசிக்கப் பிறந்தது. நாலு மாடவீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்தது. மைக் வந்ததும் மெல்லிய குரலும் ஆயிரம் பேருக்குக் கேட்டது, சங்கீதம் கொட்டகைக்குள் போய்விட்டது. எங்கள் சத்தம் அந்தச் சுவருக்குள் அடங்கவில்லை. இதை முதலில் புரிந்துகொண்டவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பழைய நாயனம் திமிரி, குட்டை. சுருதி நாலு கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) மேலே நிற்கும். அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். சுருதி இறங்கியது, குழைவு வந்தது. ஒத்து ஊதுவதை விட்டுச் சுருதிப் பெட்டி வைத்தார், கிராப் வைத்தார், ஷெர்வானி போட்டார், மற்ற வித்துவான்கள் மாதிரி மேடையில் உட்கார்ந்து வாசித்தார். தோடி என்றால் அவர் பேர்தான். ஆனாலும் 1956இல் அவர் கண்ணை மூடும் வரை சங்கீத கலாநிதி அவருக்கு வரவில்லை.

உங்கள் மகள் கையில் இருப்பது அநேகமாக அந்தப் பாரிதான். ஆச்சா மரம், அதுவும் பழைய வீட்டை இடிக்கும்போது கிடைத்த உத்தரமாக இருந்தால் விசேஷம். நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், சண்டைக்கு உதவாவிட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும்.

---

இணுவில்காரன் எழுதியது:

வடக்குவீதி ஐயா எழுதின அந்தத் தோடியை வாசித்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் யாழ்ப்பாணம், இப்போது கனடா.

எங்களிடம் இந்தக் கேள்வியே வராது. கோயில் திருவிழாவுக்கு ‘மேளக் கச்சேரி’ என்று தனியாக நேரம் ஒதுக்குவார்கள். வீதி மணலில் பாயைப் போட்டுக்கொண்டு சனம் உட்காரும். நாலு கூட்டம், ஆறு கூட்டம் நாதஸ்வரம், அதற்கு ஏற்ற தவில். சாமம் தாண்டித் தவில்காரர்கள் போட்டி போடும் தவில் சமா தொடங்கினால் சின்னப் பொடியனும் எழும்பிப் போக மாட்டான். அளவெட்டி பத்மநாதனின் வாசிப்புக்கும் தட்சணாமூர்த்தியின் தவிலுக்கும் அப்பா எங்களைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போன கதையை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். தட்சணாமூர்த்தி தமிழ்நாட்டிலும் போய் வாசித்துப் பேர் வாங்கின மனிதர். எங்கள் ஊரில் ‘பெரிய வித்துவான்’ என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது மேளக்காரர்தான், பாடகர் பிறகு.

ஒரே கருவி, ஒரே ராகம். இடையில் இருப்பது கொஞ்சக் கடல்தான். கேட்கிறவன் உட்கார்ந்து கேட்டானா, எழும்பிப் போனானா என்பதில் அல்லவா எல்லாம் இருக்கிறது?

இங்கே கனடாவில் மண்டபத்துக்குள் தவில் அடித்தால் பக்கத்து மண்டபத்துக்காரன் முறைப்பாடு செய்கிறான். அதுவும் ஒரு விமர்சனம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

---

அடவு எழுதியது:

எல்லாம் சரி. நான் பறை கற்றுக்கொள்கிறேன், அதனால் ஒன்று கேட்கிறேன். ‘நாட்டுப்புறம்’ என்று டிக் போட்டதற்கு ஏன் இவ்வளவு அவமானம்? அந்தக் கட்டத்தில் நாங்கள் இருக்கிறோம்.

வடக்குவீதி ஐயா சொன்ன வெற்றிலைக் கடைக்காரர் எங்களிடமும் உண்டு. போன மாசம் ஒரு நிகழ்ச்சியில் அடவு (ஆட்டத்தின் காலடி முறை) மாற்றும்போது நான் அரை அடி பிந்தினேன். கூட்டத்தில் நின்ற எழுபது வயசுப் பெரியவர் அங்கிருந்தே கையைக் காட்டி “விட்டுட்டே” என்றார். தோலைக் காய்ச்சுகிற பதத்தில் தொடங்கி, சின்னக்குச்சி விழுகிற இடம் வரை எல்லாவற்றுக்கும் எங்களுக்கும் சட்டம் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் பறையும் சாஸ்திரியமா? ஐயா சொன்ன அளவுகோலில் ஆமாம் என்றுதான் வருகிறது.

சதிர் என்ற பெயரில் தேவதாசிகள் கோயிலிலும் கல்யாணத்திலும் ஆடிய வரை அதைக் கேவலமாகப் பேசினார்கள். 1930களில் அது சபா மேடை ஏறிப் பரதநாட்டியம் என்று பெயர் வாங்கியது. அடவு அதே அடவு. ஆடியவர்கள் மாறினார்கள், பார்த்தவர்கள் மாறினார்கள். ஜெராக்ஸ்கடை அண்ணா, நீங்கள் ‘ஆளைப் பொறுத்ததா’ என்று கேட்டீர்களே, அந்தச் சந்தேகம் தப்பில்லை. பாப்பாவுக்கு நியாயம் கிடைக்கட்டும், அதற்காக எங்கள் கட்டத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏற வேண்டாம்.

---

வடக்குவீதி எழுதியது:

அடவு தம்பி, நீங்கள் சொல்வது சரி. நான் அதை யோசிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சாவுக்கு வருகிற பறைக்காரர் ஒருத்தருடைய காலப்பிரமாணத்தை (தாளம் பிசகாத நடையை) எங்கள் தவில்காரரே நின்று கேட்டிருக்கிறார், நானே பார்த்தேன். ராகம் விரிப்பது, பல்லவி கட்டுவது எங்களுக்கு உண்டு என்று நான் வித்தியாசம் சொல்லலாம். சொன்னால் அது வேறு விதமான வேலை என்றுதான் ஆகும். மேலே கீழே என்று ஆகாது. கோடு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, அந்த மேஜைக்காரருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றும் தெரியவில்லை.

---

ஜெராக்ஸ்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடவு தம்பிக்குத் தனியாக. நான் அவமானப்பட்டது உண்மை, ஏன் பட்டேன் என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாம்வரிசை சார் சொன்னதை ஒரு பக்கம் அடித்து, இசைப்பள்ளிப் பாடத்திட்டத்தையும் இணைத்து இன்று காலை கொடுத்தேன். பேனாக்காரர் இல்லை, வேறு ஒரு அம்மா இருந்தார்கள். படித்துவிட்டு, “மேலே கேட்டுச் சொல்றோம்” என்று முத்திரை போட்டு ஒரு நகல் கொடுத்தார்கள். இன்னும் சொல்லவில்லை.

மகளிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். ஒத்து ஊதின கதையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு இப்போது கட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை, நாயனத்தில் செருகி ஊதுகிற சீவாளியைப் பற்றித்தான். இரண்டு நாளாக மேல் ஸ்தாயி பிசிறுகிறதாம். வாத்தியார் ஊரில் இல்லை. போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்தான். ஐயா, அவள் கேட்கச் சொன்னது: ஐந்து நிமிடத்தில் வர்ணம் முழுசாக வாசிக்கலாமா, பாதியில் நிறுத்தி ராகம் கொஞ்சம் போடலாமா? ஒருவேளை நாட்டுப்புறத்திலேயே விட்டுவிட்டால் அப்போது எதை வாசிப்பது?

---

வடக்குவீதி எழுதியது:

சீவாளி புதுசாக இருக்கும், வாய்க்கு இன்னும் பழகவில்லை. நாயனத்தில் கொத்தாகத் தொங்குகிற சீவாளிகளில் பழசு ஒன்றை எடுத்துப் போடச் சொல்லுங்கள். வாசிப்பதற்குக் கால் மணி முன்னால் வாயில் வைத்து நனைத்து, ஊசியால் சீவாளியின் வாயை லேசாகத் திறந்து பார்க்கட்டும். பிளேடு வைத்துச் சீவப் போக வேண்டாம், அது வாத்தியார் வேலை. வெயிலில் வைத்துக் காய வைக்கவும் வேண்டாம்.

ஐந்து நிமிஷத்துக்கு வர்ணம் முழுசாக எடுத்தால் கடைசியில் ஓட்டமாக இருக்கும். ஒரு நிமிஷம் மோகனம், அவசரப்படாமல், காந்தாரத்தில் நின்று. அப்புறம் வர்ணத்தில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி சுரம், திரும்பப் பல்லவிக்கு வந்து முடித்துக்கொள்ளட்டும். இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) வேண்டாம், யாருக்கோ காட்டுவதற்காக வாசிக்கிற மாதிரி இருக்கும். எந்தக் கட்டத்தில் போட்டாலும் இதையேதான் வாசிக்க வேண்டும்.

நாயனம் இரண்டு கட்டையா, இரண்டரையா? சுருதிப் பெட்டியை அதற்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். அங்கே அவர்கள் வைத்திருக்கிற பெட்டியை நம்ப வேண்டாம், சொந்தப் பெட்டியைக் கொண்டுபோங்கள்.

---

ஜெராக்ஸ்கடை எழுதியது:

இரண்டரை. பெட்டி வாத்தியார் வீட்டில் இருக்கிறது, சாயந்தரம் போய் வாங்கி வருகிறேன்.